ஓடிஎஸ் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது சென்னை ஃபிளாட்டை விற்பது

வங்கியோடு பேசி, "இவ்வளவு தொகை, இந்தத் தேதிக்குள்" என்று ஓடிஎஸ் (ஒன் டைம் செட்டில்மென்ட், அதாவது பாக்கியைக் குறைத்துப் பேசி ஒரே தடவையில் தீர்ப்பது) கடிதம் வாங்கியாயிற்று. அந்தத் தொகையைப் புரட்ட ஒரே வழி, அடமானத்தில் இருக்கும் அதே ஃபிளாட்டை விற்பது. இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விலையை நினைத்தே தூக்கம் கெடுகிறார்கள். ஆனால் பேரம் முறிவது பெரும்பாலும் நாட்களால்தான். வாங்குகிறவரின் வங்கி ஒப்புதல் கொடுக்க வாரங்கள் ஆகும், அசல் பத்திரம் உங்கள் கிளையிலேயே இருக்காது, நடுவில் ஆடி பிறந்துவிடும். கெடு தாண்டினால் தள்ளுபடி போய், பழைய கடன் வட்டியோடு உயிர் பெறும். அதனால் இந்தக் குறிப்பு முழுக்கக் காலண்டரைச் சுற்றியே போகும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பத்திர அலுவலகத்தில் "செட்டில்மென்ட்" என்றால் குடும்பத்துக்குள் எழுதும் தானப் பத்திரம். ஆவண எழுத்தரிடமும் புரோக்கரிடமும் ஓடிஎஸ் என்றே சொல்லுங்கள்.

முதலில், எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

கடன் மறுசீரமைக்கப்பட்டு, புதிய தவணைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் இது சாதாரண விற்பனைதான். முன்கூட்டி அடைக்கும் தொகைக்குக் கடிதம் வாங்கி, விற்று, அடைக்கலாம். தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் இருக்கும் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைத்ததற்காக அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

90 நாளுக்கு மேல் பாக்கி விழுந்து, கணக்கு வாராக்கடனாகி, சர்ஃபாசி சட்டத்தின் (நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வந்திருந்தால் கதை வேறு. அதில் பாக்கியைக் கட்ட 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்தே, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று 13(13) சொல்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மேனேஜர் போனில் "பண்ணிக்கங்க சார்" என்று சொன்னது சம்மதம் ஆகாது. லெட்டர்ஹெட்டில், அதிகாரம் பெற்ற அலுவலரின் கையெழுத்தோடு வர வேண்டும்.

அடுத்த படி, சுவாதீன நோட்டீஸ் (வீட்டை வங்கி தன் வசம் எடுத்ததற்கான அறிவிப்பு) கதவில் ஒட்டப்பட்டு, ஒரு தமிழ் நாளிதழ் உட்பட இரண்டு பத்திரிகைகளில் வந்துவிட்டது. இப்போதும் விற்க முடியும். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்புவரை மட்டும்தான். 2016 திருத்தத்துக்குப் பிறகு இது கறாராகிவிட்டது. ஏலத்தன்று காலையில் பணத்தோடு போய் நிற்பது பழைய காலத்து நம்பிக்கை. சுவாதீனம் வங்கியிடம் போன பிறகு நீங்களே ஒரு நல்ல விலைக்கு ஆள் கொண்டுவந்தால், ஏலம் இல்லாமல் தனிப்பேச்சு மூலம் வங்கியே அவருக்கு விற்கவும் விதியில் இடம் இருக்கிறது. அப்போது வாங்குகிறவருக்குக் கிடைப்பது வங்கி தரும் விற்பனைச் சான்றிதழ். அந்தச் சொல்லைக் கேட்டாலே விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

அடமானமே இல்லாத கடனுக்கு, அதாவது கிரெடிட் கார்டு, கைமாற்று, புரோநோட்டுக்கு, சிவில் நீதிமன்றம் வீட்டை ஜப்தி செய்திருந்தால், அதன் பிறகு தனியாக விற்பது அந்தக் கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. நேர்வழி, சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 83. ஏலத்தைத் தள்ளிவைத்து, தனி விற்பனை மூலம் பணம் திரட்ட அனுமதி கேட்டு மனுப் போடலாம். நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்தால் விற்கலாம். பணம் நீதிமன்றத்துக்குப் போகும், விற்பனையை நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே முழுமையாகும். இந்த வசதி அடமானத் தீர்ப்பின் பேரில் நடக்கும் ஏலத்துக்குக் கிடையாது. திவால் அறிவிப்பு வரை போயிருந்தால் வீடு உங்கள் கையிலேயே இல்லை. சென்னை நகரில் 1909-ம் ஆண்டுச் சட்டப்படி அது உயர் நீதிமன்றத்தின் அஃபிஷியல் அசைனியிடம் (திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரி) போய்விடுகிறது, விற்பவர் அவர்தான்.

இனி வருவது, பெரும்பாலோர் நிற்கும் இடத்துக்கானது: ஓடிஎஸ் ஒப்புதல் கிடைத்திருக்கிறது, ஏல அறிவிப்பு வரவில்லை.

ஒப்புதல் கடிதத்தில் இருக்க வேண்டியவை

வீட்டின் மதிப்பு கடனைவிட நன்றாக அதிகமாக இருந்தால் அசலில் தள்ளுபடி எதிர்பார்க்காதீர்கள், வங்கிக்கு ஏலமே லாபம். அந்த நிலையில் அபராத வட்டியையும் சட்டச் செலவையும் மட்டும் குறைக்கக் கேட்டு, கணக்கை முழுசாக முடிப்பதே நல்லது. சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழுவதற்கும் "குளோஸ்டு" என்று விழுவதற்கும் பின்னாளில் பெரிய வித்தியாசம் தெரியும்.

கடிதத்தை வாங்கும் முன் வரைவைப் பாருங்கள். எல்லாக் கடன் கணக்கு எண்களும் அதில் இருக்கிறதா? முதல் கடன், டாப்-அப் (அதன்மேல் வாங்கிய கூடுதல் கடன்), கடனோடு சேர்த்து ஏற்றிய இன்ஷூரன்ஸ் பிரீமியம் என ஒரே வீட்டின்மேல் மூன்று எண்கள் ஓடுவது சகஜம். ஒன்று விட்டுப்போனாலும் பத்திரம் வெளியே வராது. அதே வங்கியில் கிரெடிட் கார்டு பாக்கி, அல்லது வேறு யாருக்காவது நீங்கள் போட்ட ஜாமீன் இருந்தால், அதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதும் எழுத்தில் வேண்டும். விற்பனை முடியும்வரை வாங்குகிறவரின் பணம் "நோ லீன்" கணக்கில் (வங்கி தன் பாக்கிக்கு எடுத்துக்கொள்ள முடியாத கணக்கு) இருக்கும், விற்பனை நடக்காவிட்டால் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வங்கி இதற்குச் சுலபத்தில் இறங்கி வராது. ஆனாலும் கேளுங்கள், வாங்குகிறவரின் பயம் பாதி அதில்தான் தீரும்.

கெடுவைப் பொறுத்தவரை, தீர்வுத் தொகையைக் கட்ட மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தால் அதை மறுசீரமைப்பாகவே கருத வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் சுற்றறிக்கை சொல்கிறது. அதனால்தான் 90 நாளைத் தாண்ட அதிகாரிகள் தயங்குகிறார்கள். நீட்டிப்பு வேண்டுமென்றால் என்ன வட்டிக்கு, எத்தனை நாள் என்பதை முதல் கடிதத்திலேயே போட வையுங்கள். பிறகு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஓடிஎஸ் கெடுவை ரிட் மனுவில் உயர் நீதிமன்றம் நீட்டித்துத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. சென்னையில் இருக்கும் மூன்று கடன் வசூல் தீர்ப்பாயங்களில் ஒன்றில் ஏற்கெனவே வழக்கு நடந்தால், ஓடிஎஸ் நிபந்தனைகளைக் கூட்டு மெமோவாகத் தாக்கல் செய்து பதிவாக்கிவிடுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனாலும் அது நிற்கும்.

காகிதங்கள்: முதல் பத்து நாள்

வில்லங்கச் சான்றை (ஈசி) பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் போட்டு, ஒவ்வொரு வரியையும் படியுங்கள். வங்கியின் எம்ஓடி (பத்திரத்தை ஈடாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு இருக்கும், அது தெரிந்ததுதான். தேட வேண்டியது மற்றவை. தனியாரிடம் கடன் வாங்கியபோது ஈடாக எழுதிக்கொடுத்த பதிவு செய்த கிரய ஒப்பந்தம் பல ஈசிகளில் உறங்கிக்கொண்டிருக்கும். வட்டியோடு கொடுத்து முடித்திருப்பீர்கள், ரத்துப் பத்திரம் போட மறந்திருப்பீர்கள். அதற்கு எதிர்த்தரப்பின் கையெழுத்து வேண்டும், அவர் அதற்கொரு விலை சொல்வார். இதை வாங்குகிறவரின் வக்கீல் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடியுங்கள்.

வங்கியிடமிருந்து மூன்று காகிதம்: பாக்கித் தொகைக் கடிதம், தன்னிடம் உள்ள ஆவணங்களின் பட்டியல், அந்த ஆவணங்களின் நகல்கள். அசல்கள் கிளையில் இல்லாமல் மையக் கிடங்கில் இருப்பதே இப்போது வழக்கம். எங்கே இருக்கின்றன, கேட்டால் எத்தனை நாளில் வரும் என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை வழக்கமானவைதான்: மாநகராட்சி சொத்துவரி, மெட்ரோ வாட்டர் வரி, மின் கட்டணம், சிஎம்டிஏ வரைபட அனுமதி, பிரிபடாத பாகத்தின் பட்டா, சங்கத்தின் பாக்கியின்மைக் கடிதம். கடன் நெருக்கடியில் இருப்பவர்கள் மெயின்டனன்ஸையும் நிறுத்தியிருப்பார்கள். சங்கச் செயலாளர் கடிதம் கொடுக்காமல் இழுக்கும் இடம் இதுதான். பேசி முடித்துவிடுங்கள்.

வீட்டை லீசுக்கு விட்டிருந்தால் அது தனிக் கணக்கு. எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம், அது கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காது. அந்தத் தொகை விற்பனைப் பணத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுங்கள். இணை உரிமையாளரோ இணைக் கடன்தாரரோ வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் வந்துசேரவே மூன்று வாரம் ஓடிவிடும்.

யாருக்கு விற்பது

விலை கூடக் கேட்பவரைவிட, பணம் வரும் வழி சுத்தமாக இருப்பவரே உங்களுக்கு ஏற்றவர். ஓர் உதாரணக் கணக்கு. ஃபிளாட் விலை 72 லட்சம், ஓடிஎஸ் தொகை 41 லட்சம் என்று வையுங்கள். 30 முதல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு வங்கிகள் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. கடனில் வாங்குகிறவர் அந்த உச்சவரம்பு வரை கடன் எடுத்தால், கையிலிருந்து போடுவது 14.4 லட்சம். உங்கள் அடமானம் நீங்க இன்னும் 26.6 லட்சம் வேண்டும். அதை அவருடைய வங்கி, அடமானம் நீங்கும் முன்பே உங்கள் வங்கி பெயரில் டிடியாகக் கொடுக்க வேண்டும். ஒழுங்கான கணக்குக்கு இதைச் செய்வார்கள். வாராக்கடன் என்றதும் பல வங்கிகள் பின்வாங்கும். எனவே வாங்குகிறவரை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: எந்த வங்கி, எவ்வளவு கடன், இப்படி ஒரு வீட்டுக்கு டிடி கொடுப்பார்களா?

வரிசைப்படுத்தினால், கடனே இல்லாமல் வாங்குகிறவர் முதலிடம், கையிலிருந்தே 41 லட்சத்தைப் போடக்கூடியவர் இரண்டாமிடம். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: உங்களுக்குக் கடன் கொடுத்த அதே வங்கியில் கடன் எடுக்க ஒப்புக்கொள்பவர். ஆவணங்கள் அந்த வங்கியை விட்டு வெளியே போகவே தேவையில்லை, கிளை மேனேஜருக்கு ஒரு கெட்ட கணக்கு போய் ஒரு நல்ல கணக்கு வருகிறது. வட்டி கால் சதவீதம் கூட என்று வாங்குகிறவர் தயங்கினால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது லாபம்தான், பிறகு அவர் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடன் இருப்பதை மறைக்க முடியாது, ஈசியில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. கெடு தேதியை மட்டும் புரோக்கரிடம் சொல்லாதீர்கள். அது தெரிந்த அன்றே "பேங்க் கேஸ் வீடு" என்று பெயர் விழும், வருகிறவரெல்லாம் கடைசி வாரத்துக்குக் காத்திருப்பார்கள். விலை பேசி முடிந்து வங்கிக் கடிதத்தை வாங்குகிறவரிடம் காட்டும்போது தேதி தானாகத் தெரிந்துவிடும்.

விலை வழிகாட்டி மதிப்புக்கு (அரசு வைத்திருக்கும் மதிப்பு) கீழே போனால் முத்திரைத்தீர்வை வழிகாட்டி மதிப்புக்கே கேட்பார்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரியும் உங்களுக்கு வழிகாட்டி மதிப்பு வந்ததாகவே கணக்கிடும். அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்றவர், வராத பணத்துக்கு வரி கட்டுவது இப்படித்தான்.

ஒப்பந்தமும் முன்பணமும்

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தம் 2012 டிசம்பர் முதல் கட்டாயப் பதிவு. பதிவு செய்தால் அது ஈசியில் ஏறும், வாங்குகிறவர் பின்வாங்கினால் ரத்துக்கு அவரும் வந்து கையெழுத்திட வேண்டும். கெடு நெருங்கும் நேரத்தில் அவர் வராவிட்டால் அடுத்த ஆளுக்கு விற்க முடியாமல் கைகட்டி நிற்பீர்கள். எனவே கடனில்லாமல் வாங்குகிறவர் என்றால் நீண்ட ஒப்பந்தம் வேண்டாம், மூன்று வாரத்தில் நேராகக் கிரயத்துக்குப் போங்கள். கடனில் வாங்குகிறவருக்கு ஒப்பந்தம் தவிர்க்க முடியாது. அப்போது அதன் முடிவுத் தேதி ஓடிஎஸ் கெடுவுக்கு 15 நாள் முன்பாக இருக்கட்டும். வங்கியின் சம்மதக் கடிதம் ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும்.

முன்பணம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வரவே வேண்டாம். வேறு கடன் கொடுத்தவர் வாங்கிய உத்தரவு அந்தக் கணக்கைத் தொட்டால் பணம் அங்கேயே சிக்கும். வாங்குகிறவர் நேராக நோ லீன் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் செய்யட்டும், ரசீது எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் உண்டு. "கொஞ்சம் கேஷ், மீதி செக்" பேச்சுக்கு இந்த விற்பனையில் இடமில்லை. அந்த ரொக்கத்தால் வங்கிக் கடனை அடைக்கவும் முடியாது.

ஒப்பந்தம் வேண்டாம், பவர் எழுதிக்கொடுங்கள் என்பவர்களிடம் கும்பிடு போட்டு விலகுங்கள். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதமில்லாமல் எழுதினால் 13(13) தகராறும் கூட வரும்.

காலண்டர்

90 நாள் என்றால், காகிதம் திரட்ட 10, ஆள் பிடிக்க 30, வாங்குகிறவரின் வக்கீலும் வங்கியும் பார்க்க 30, அசல் பத்திரம் வரவழைக்க 10, மிச்சம் 10 கைவசம். இந்தக் கணக்கை ஆடி குலைக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சென்னையில் வீடு பார்க்கவே பலர் வர மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஓடிஎஸ் கெடுவைப் பேசும்போதே பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும் 90 நாளில் உண்மையாகக் கிடைப்பது அறுபதுதான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு டோக்கன் கிடைப்பதும் கடினம், முன்பே போட்டுவையுங்கள்.

பத்திரப் பதிவு நாள்

பாதுகாப்பான முறை, ஒரே நாளில் இரண்டு ஆவணம். வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் அசல்களோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவார். எம்ஓடி கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் முதலில் பதிவாகும், அடுத்த எண்ணில் உங்கள் கிரயப் பத்திரம். டிடியின் நகலை முந்தின நாளே வங்கிக்கு அனுப்பி, பெயரும் கடன் கணக்கு எண்ணும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து ஒன்று மாறினால் அந்த முகூர்த்தம் போயிற்று. ஓடிஎஸ் தொகையில் அன்றைய தேதிவரை வட்டி ஏறுமா என்பதையும் கேட்டு, சில ஆயிரம் ரூபாய் கைவசம் கூடுதலாக வைத்திருங்கள்.

அலுவலரை அனுப்ப முடியாது என்று வங்கி சொன்னால், வாங்குகிறவர் பணத்தால் முதலில் கடனை அடைத்து, ரசீது ஆவணம் போட்டு, அசல்கள் வந்த பிறகு கிரயம். இதில் வாங்குகிறவர் இடைப்பட்ட நாட்களில் பயந்து சாவார். அவர் தைரியத்துக்கு ஒரு விதி உண்டு: கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. ஓடிஎஸ் மூலம் தீர்த்தாலும் இது பொருந்தும்.

முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வாங்குகிறவர் செலவு. ரசீது ஆவணச் செலவு உங்களுடையது.

வரி: பலர் சறுக்கும் இடம்

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதத்தை வரியாக (டிடிஎஸ்) பிடிப்பார். நம் உதாரணத்தில் 72,000. உங்கள் பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் பிடித்தம் 20 சதவீதம், 14.4 லட்சம். ஓடிஎஸ் அங்கேயே கவிழலாம். முதல் வாரத்திலேயே பான் நிலையைப் பாருங்கள்.

அடுத்தது, "பணம் முழுக்க வங்கிக்குப் போயிற்று, எனக்கு என்ன லாபம், எதற்கு வரி?" என்ற கேள்வி. நீங்களே வைத்த அடமானத்தை அடைத்த தொகையை மூலதன ஆதாயத்திலிருந்து கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்த்துவிட்டது. உதாரண ஃபிளாட் 2014-15-ல் 45 லட்சத்துக்கு வாங்கி, 2025-26-ல் விற்றதாக வைத்தால் ஆதாயம் 27 லட்சம். 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 3,51,000 ரூபாய். ஆனால் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, உள்நாட்டில் வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். பணவீக்கக் குறியீடு 240-லிருந்து 376 ஆனதால் அடக்கம் 70.5 லட்சம், ஆதாயம் 1.5 லட்சம், வரி 31,200. பிடித்த டிடிஎஸ்ஸே அதைவிட அதிகம், கணக்குத் தாக்கல் செய்தால் மிச்சம் திரும்பும். வாங்கியபோது கட்டிய முத்திரைத்தீர்வையையும் அடக்கத்தில் சேருங்கள்.

கையில் மிஞ்சுவதை இப்படிப் பாருங்கள்: 72 லட்சத்தில் ஓடிஎஸ் 41, லீஸ் பணம் 8, டிடிஎஸ் 0.72, புரோக்கர் 1 சதவீதம் என்றால் 0.72, வரி பாக்கி, சங்கம், வக்கீல் என 0.6. மிச்சம் 20.96 லட்சம். இந்தக் கணக்கை விலை பேசும் முன் போட வேண்டும்.

முடிந்த பிறகு

வங்கிக் கவுன்டரில் அசல்களை வாங்கும்போது ஆவணப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். தாய்ப்பத்திரம் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும், அதற்கும் வாங்குகிறவர் உங்களிடம்தான் வருவார். பாக்கியின்மைச் சான்று, செர்சாய் (அடமானங்களின் மத்தியப் பதிவகம்) பதிவிலிருந்து அடமானம் நீங்கியதற்கான ஆதாரம், தீர்ப்பாய வழக்கு இருந்தால் வாபஸ் உத்தரவு, ஈடாகக் கொடுத்த காசோலைகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். காசோலைகளைக் காணோம் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, உங்கள் வங்கியில் அந்த எண்களுக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள். தானியங்கித் தவணைப் பிடித்தத்தையும் அன்றே ரத்து செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து ஈசியை மறுபடி போட்டு ரசீது ஆவணம் ஏறியிருக்கிறதா என்றும், சிபிலில் எல்லாக் கணக்கு எண்களிலும் பாக்கி பூஜ்யமா என்றும் பாருங்கள். டாப்-அப் கணக்கில் சில நூறு ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தால், ஒப்புதல் கடிதத்தின் நகலை இணைத்து வங்கியின் நோடல் அலுவலருக்கு எழுதுங்கள்.